பாலாற்றைத் தாண்டி வந்த படகு: டிரான்சமும் பின் மவுண்டிங்கும் மாற்றிய கதை

மச்சான் மார்ச் மாதம் போன் செய்தபோது ஒரே ஒரு குறைதான் சொன்னான். "மாமா, ஸ்டீயரிங்கை ஒடிச்சா பின்னாடி ஜல்லி அரைக்கிற மாதிரி சத்தம் வருது. பேரிங் ஒண்ணு மாத்தினா சரியாயிடும்னு சொல்றாங்க."

அவன் கடலூர் பக்கம் உப்பங்கழியில் ஆட்களை ஏற்றிப்போகும் 18 அடி ஃபைபர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கியிருந்தான். மெர்க்ரூசர் 3 லிட்டர், 4 சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், ஆல்ஃபா டிரைவ். எனக்குப் படகு தெரியாது. ராணிப்பேட்டை தொழிற்சாலைகளில் கெமிக்கல் டேங்குகளுக்கு ஃபைபர் லைனிங் போடுவது என் தொழில். காட்பாடியில் சின்ன ஷெட். அதற்கு முன்பு ஏழெட்டு வருடம் லாரி பட்டறையில் இருந்தவன். ஃபைபரும் தெரியும், இன்ஜினும் தெரியும், மச்சானுக்குக் கூலியும் கேட்க மாட்டேன் என்பதால் படகு திருவண்ணாமலை வழியாக டிரெய்லரில் வேலூருக்கு ஏறி வந்தது.

காட்பாடிக்கு வர பாலாற்றுப் பாலத்தைத் தாண்ட வேண்டும். மேலே படகு போகிறது, கீழே மணலும் சீமைக்கருவேலமும். அரசனில்லாத கோட்டை, தண்ணீரில்லாத ஆறு என்று எங்கள் ஊரைச் சொல்வார்களே, அதைக் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது. டீக்கடையில் இறங்கியதும் முதல் கேள்வி, "என்னண்ணே, 2021 வெள்ளம் மறுபடியும் வருதா?" அடுத்த இரண்டு மாதமும் அதே கேள்விதான்.

சத்தத்துக்கு வருகிறேன். இந்த மாதிரிப் படகில் இன்ஜின் உள்ளே, பின்சுவரை ஒட்டி உட்கார்ந்திருக்கும். சுவருக்கு வெளியே, புரொப்பெல்லரைச் சுழற்றும் டிரைவ் தொங்கும். நடுவில் இருக்கும் அந்தச் சுவர்தான் டிரான்சம்; இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவில் பிளைவுட் வைத்தது. கடலோரத்தில் படகின் பின்பக்கத்தை அமரம் என்பார்கள். மச்சான் இந்தச் சுவரையும் சேர்த்து அமரம் என்றேதான் சொல்வான். டிரைவிலிருந்து வரும் ஷாஃப்ட், சுவரில் அதைத் தாங்கும் கிம்பல் பேரிங் வழியாக நுழைந்து, இன்ஜினின் ஃப்ளைவீல் பக்கத்துக் கப்ளரில் பல்லோடு பல் சேரும். இன்ஜினின் முன்பக்கம் படகின் நீளவாட்டுக் கட்டைகள்மேல் இரண்டு மவுண்டிங்கில் நிற்கும். பின்பக்கத்துக்குத் தனிக் கட்டை கிடையாது. டிரான்சத்தின் உள்புறம் போல்ட் போட்டிருக்கும் அலுமினியத் தகட்டில் இரண்டு காது உண்டு. அந்தக் காதுகளில் உள்ள ரப்பர் மவுண்டிங்கின்மேல்தான் இன்ஜினின் பின்பாதி உட்காரும். முன் மவுண்டிங்கை நட்டைத் திருகி ஏற்றலாம், இறக்கலாம். பின்னால் இருப்பதில் அந்த வசதியே இல்லை. அதன் உயரம் என்னவோ அதுதான் கணக்கு.

எனவே பின் ரப்பர் அமுங்கினால் கப்ளர் இறங்கும், ஷாஃப்ட் கோணலாகும், பேரிங் அரைபடும். டிரான்சம் இற்றுப்போனாலும் தகடு பின்னோக்கிச் சாய்ந்து அதே கோணல் வரும். பேரிங் கடைசியில் அடிவாங்குகிற ஆள். அதை மட்டும் மாற்றினால் அடுத்த சீசனில் திரும்பவும் அதே ஜல்லிதான். மச்சானுக்கு இதைப் புரியவைக்க ஒரு பேப்பரில் படம் போட்டு அனுப்ப வேண்டியிருந்தது.

டிரெய்லரை நிழலில் நிறுத்தி முதலில் சுத்தியலின் மரப்பிடியால் டிரான்சம் முழுவதும் தட்டிப் பார்த்தேன். மேலே கணீர் என்றது. டிரைவ் நுழைகிற பெரிய ஓட்டையின் கீழ்ப்பகுதியிலும், தண்ணீர் வடிக்கும் பிளக்கைச் சுற்றியும் ஊறிய பூசணியைத் தட்டுகிற சத்தம். உள்பக்கமிருந்து 3 மி.மீ. பிட்டால் ஆறு இடத்தில் துளைத்தேன். நான்கு இடத்தில் கறுப்பாக ஈரத்தூள், சாக்கடை வாடை. இரண்டில்தான் வெளிர் மரத்தூள் வந்தது. யாரோ பிற்பாடு ஏணி மாட்டுவதற்காகப் போட்ட நான்கு ஸ்க்ரூவுக்கு சீலன்ட் வைக்கவே இல்லை. எத்தனை வருடமாக அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியதோ.

டிரைவைக் கழற்றி, இன்ஜினைச் செயின் பிளாக்கில் தூக்கினோம். இன்ஜின் மட்டும் இருநூறு கிலோவுக்கு மேல். ஷெட் கூரையின் ஆங்கிளை நான் நம்பவில்லை. பக்கத்துப் பட்டறையிலிருந்து மூன்று கால் ஸ்டாண்ட் வாங்கி வந்து படகைத் தாண்டி நிற்க வைத்தேன். தூக்கிய பிறகுதான் பின் மவுண்டிங்கின் லட்சணம் தெரிந்தது. இடதுபக்க ரப்பர் பெட்ரோலும் ஆயிலும் குடித்து உப்பி, ஓரம் வெடித்து, விரலால் அழுத்தினால் களிமண் மாதிரி அமுங்கியது. வலதுபக்கம் நேர்மாறாக, சூட்டில் காய்ந்து கல்லாகிப்போயிருந்தது. ஒன்று களி, ஒன்று கல் என்றால் இன்ஜின் எப்படி நேராக நிற்கும்?

தகட்டையும் வெளிப்பக்கத்து ஹவுசிங்கையும் கழற்றினோம். எட்டு போல்ட்டில் இரண்டு வர மறுத்தன. சூடு காட்டி, ஆயில் விட்டு, ராத்திரி முழுக்க ஊறவைத்து, மறுநாள் காலையில் எடுத்தோம். மவுண்டிங்குகளும் அதே அடம். அலுமினியமும் இரும்பும் உப்புத்தண்ணீரில் சேர்ந்து இருந்தால் நடுவில் வெள்ளைச் சுண்ணாம்பு மாதிரி கட்டிக்கொள்ளும். அங்கே சம்மட்டியைத் தூக்காதீர்கள். காது உடைந்தால் தகட்டையே மாற்ற வேண்டும். பொறுமையாகச் சுரண்டி, ஆயில் விட்டு, அரை நாள் போனது.

அப்புறம் டிரான்சம். வெளித்தோலை வைத்துக்கொண்டு உள்பக்கமிருந்து வெட்டுவது என்று முடிவு செய்தேன். வெளித்தோல்தான் படகின் உருவம். அது இருந்தால் புதுப் பலகைக்கு அச்சு மாதிரி உதவும். கிரைண்டரில் கட்டிங் வீல் மாட்டி உள்தோலைச் சுற்றிலும் கோடு போட்டு வெட்டிக் கடப்பாரையால் நெம்பினால், கீழ்ப்பாதி பிளைவுட் டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி கையோடு வந்தது. மேல்பாதி நல்ல மரம், உளி போட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது. நீளவாட்டுக் கட்டைகளின் பின் நுனியையும் துளைத்துப் பார்த்தேன். நல்ல வேளை, காய்ந்தே இருந்தன. அவையும் போயிருந்தால் படகைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஃபைபர் தூசி பற்றி ஒரு வார்த்தை. இருபது வருடமாகச் செய்கிறேன், இன்னும் அரிக்கிறது. முழுக்கைச் சட்டை, முகமூடி, கண்ணாடி போட்டுக்கொண்டு, வேலைக்கு முன்னால் கை கழுத்தில் பவுடர் அப்பிக்கொள்வேன். முடிந்ததும் பச்சைத் தண்ணீரில்தான் குளியல். வெந்நீர் ஊற்றினால் துவாரம் திறந்து தூசி உள்ளே போகும் என்று எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் சொல்வார். அது உண்மையோ என்னவோ, மே மாதத்து வேலூரில் யார் வெந்நீரில் குளிக்கப் போகிறார்கள்?

அக்னி நட்சத்திரம் எங்களுக்குச் செய்த ஒரே நல்லது, வெளித்தோலைக் காய வைத்ததுதான். பன்னிரண்டு நாள் திறந்து போட்டேன். காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சாண் பாலித்தீனை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ராத்திரி விட்டுவிடுவேன். காலையில் உள்பக்கம் வேர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஒன்பதாம் நாள்வரை வேர்த்தது.

பலகைக்கு ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பிளை, 19 மி.மீ. இரண்டு. கடையில் "வாட்டர்புரூஃப்தான் அண்ணே, இதுவே போதும்" என்று வேறு எதையோ எடுத்துக் காட்டினார்கள். வேண்டாம். அட்டைப்பெட்டியை வெட்டி அளவு எடுத்து, பிளையில் வரைந்து வெட்டி, ஓரம் முழுவதும் மூன்று முறை ரெசின் குடிக்க விட்டேன். பிளையின் முகத்தைவிட வெட்டிய ஓரம்தான் தண்ணீரை உறிஞ்சும்.

ரெசினில் சாதாரண பாலியெஸ்டர் மலிவு. எனக்கு வினைல் எஸ்டர்மேல் நம்பிக்கை. ஆசிட் டேங்குகளுக்கு அதைத்தான் போடுகிறோம், பழைய ஃபைபரின்மேல் பாலியெஸ்டரைவிட நன்றாகப் பிடிக்கும், தண்ணீரையும் தாங்கும். எபாக்ஸி இன்னும் நல்லது. ஆனால் ஒரு தடவை எபாக்ஸி போட்டுவிட்டால் பிற்பாடு அதன்மேல் பாலியெஸ்டர் சரியாக ஒட்டாது. கடலூரில் நாளைக்கு இதைத் தொடப்போகிறவர் கையில் இருப்பது பாலியெஸ்டர்தான். அதனால் வினைல் எஸ்டர்.

இந்த வேலையைப் புதிதாகச் செய்கிறவர்களுக்கு: ரெசினை இறுக வைக்கும் ஹார்டனரையும், அதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் ஒருபோதும் நேராகக் கலக்காதீர்கள், வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் போட்டு நன்றாகக் கலக்கி முடித்த பிறகே ஹார்டனர். ஹார்டனர் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வைக்கே ஆபத்து. என்னிடம் வேலை செய்யும் தம்பிக்குக் கண்ணாடி இல்லாமல் டப்பாவைத் தொட அனுமதி கிடையாது.

இதெல்லாம் தெரிந்த நானே ஒரு நாள் மாட்டிக்கொண்டேன். காலை 5 மணிக்குத் தொடங்கி 8 மணிக்குள் முடிப்பதாகத் திட்டம். அன்று கரண்ட் போய் கிரைண்டர் வேலை இழுத்து, பதினோரு மணிக்கு ஒன்றரைக் கிலோ கலந்தேன். ஹார்டனரை 1 சதவீதத்துக்குக் குறைத்துத்தான் போட்டேன்; அதற்கும் கீழே போனால் ரெசின் முழுதாக இறுகாது. ஆறே நிமிடம். பக்கெட்டில் இருந்தது ஜெல்லியாகி, புகை கக்க ஆரம்பித்தது. மணலில் கொண்டுபோய்க் கவிழ்த்தேன். ரெசினும் போனது, புதுப் பக்கெட்டும் போனது. கடுங்கோடையில் அரைக்கிலோவுக்கு மேல் ஒரே தடவையில் கலக்கக் கூடாது. கலந்தவுடன் அகலமான தட்டில் ஊற்றிவிட வேண்டும். குவிந்து கிடந்தால்தான் சூடு ஏறும்.

வெளித்தோலின் உள்முகத்தைக் கிரைண்டரால் சொரசொரப்பாக்கி, ஒரு அடுக்கு மேட் (நறுக்கிய கண்ணாடி இழை விரிப்பு) ஒட்டி, ரெசினைக் கெட்டியாக்கும் ஏரோசில் தூளும் நறுக்கிய ஃபைபரும் கலந்த பசையைப் பல்லுள்ள கரண்டியால் தடவி முதல் பிளையை அழுத்தினோம். பழைய ஓட்டைகள் வழியாகவே மெழுகு தடவிய நீள போல்ட்டுகளைப் போட்டு, இருபுறமும் ஆங்கிள் வைத்து இறுக்கினோம். ஓரமெல்லாம் பசை பிதுங்கி வர வேண்டும். வராத இடத்தில் உள்ளே காற்று இருக்கிறது என்று அர்த்தம். மறுநாள் அதேபோல் இரண்டாவது. மூலைகளில் பசையை வளைவாக இழைத்து, மேட்டும் வோவன் ரோவிங் என்ற நெய்த கண்ணாடி இழைத் துணியும் மாற்றி மாற்றி எட்டு அடுக்கு. சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட், 600 கிராம் ரோவிங். ஒவ்வொரு அடுக்கும் முந்தையதைவிட இரண்டு அங்குலம் வெளியே நீண்டு, படகின் பக்கச்சுவரிலும் அடியிலும் ஏறிப் பிடிக்கும்.

அடுத்தது கனம். இந்த டிரைவுக்கு டிரான்சம் 51 முதல் 57 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். உள்முகமும் வெளிமுகமும் 3 மி.மீ.க்கு மேல் இணை தவறக் கூடாது. கனமாகப் போட்டால் பலம்தானே என்று எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு, டேங்குக்கு அது சரி. இங்கே தப்பு. என் கணக்குப்படி வெளித்தோல் 6, பிளை 38, ஒட்டு 2, உள்தோல் ஏழரை, ஆக 53½ வர வேண்டும். மேலே 54 வந்தது. கீழே வலது மூலையில் 59! அடியிலிருந்து ஏறிய அடுக்குகள் தகடு உட்காரும் இடத்துக்குள் நுழைந்துவிட்டன. அப்படியே தகட்டை முடுக்கியிருந்தால் இன்ஜின் ஒரு பக்கமாகத் திரும்பி நின்றிருக்கும். நான் அதை முன் மவுண்டிங்கில் தேடித்தேடி ஓய்ந்திருப்பேன். தகட்டின் உருவத்தை மார்க்கரால் வரைந்து, அதற்குள் மட்டும் சாண்டிங் டிஸ்க்கால் தேய்த்து, நீள ஸ்கேல் வைத்துப் பார்த்துப் பார்த்து 56க்குக் கொண்டுவந்தேன். ஒரு முழு நாள்.

போல்ட் ஓட்டைகளை இரட்டிப்பு அளவில் துளைத்து, ரெசின் பசையால் அடைத்து, அதன் நடுவில் சரியான அளவுக்குத் திரும்பத் துளைத்தேன். நாளைக்கு சீலன்ட் விட்டுக்கொடுத்தாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. ஏணி ஸ்க்ரூ ஓட்டைகளை அடைத்தே விட்டேன். "ஏணி வேணும் மாமா" என்றான் மச்சான். பக்கத்தில் மாட்டிக்கொள் என்றேன்.

மவுண்டிங்குக்கு வருவோம். எங்கள் ஊர் ஸ்பேர் கடைகளில் இதற்கு ஃபவுண்டேஷன் என்று பெயர். பழைய இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறினேன். "மினி லாரி ஃபவுண்டேஷன் கிட்டத்தட்ட இதே சைஸ் அண்ணே, ஒரு வாஷர் போட்டா சரியாப்போகும்" என்று ஒருவர். ரப்பர் வார்த்தே தருகிறேன் என்று இன்னொருவர். எங்கள் லேத் பட்டறை பாய்கூட, "உருளை கடைஞ்சு தரேன், ரப்பரை ஒட்டிக்கோ" என்றார். லாரியாக இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அங்கே புரொப்பெல்லர் ஷாஃப்டில் யுனிவர்சல் ஜாயின்ட் இருக்கும், இரண்டு மில்லி ஏறினாலும் இறங்கினாலும் அது சமாளிக்கும். இங்கே கப்ளரும் பேரிங்கும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். பின் மவுண்டிங்கின் உயரத்தை ஊகத்தில் வைத்தால், மற்ற எல்லா அளவும் அந்த ஊகத்தின்மேல்தான் நிற்கும். ஒரிஜினல் ஜோடியைச் சென்னையிலிருந்து வரவழைத்தோம், விலையைக் கேட்டு மச்சான் ஒரு நிமிடம் பேசவில்லை. வந்ததும் பழையதோடு பக்கத்தில் வைத்து அளந்தேன். களி 4 மி.மீ. குள்ளம், கல் ஒன்றரை.

இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். கல்லாகிப்போனது பார்க்க நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது.

தகட்டை மாட்டி, எட்டு நட்டையும் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன், 27 முதல் 34 நியூட்டன் மீட்டர். கிம்பல் பேரிங், ஷாஃப்டுக்குத் தண்ணீர் புகாமல் மூடும் ரப்பர் பெல்லோஸ் இரண்டும் புதிது. திறந்த வேலை, விட்டுவைக்க மனசு வரவில்லை. பிறகு இன்ஜினை இறக்கினோம். தம்பி செயினைப் பிடிக்க, நான் உள்ளே படுத்துக்கொண்டு காதைப் பார்த்து "இன்னும், இன்னும், நிறுத்து" என்று சொல்ல, சுகமாக உட்கார்ந்தது. போல்ட்டைப் போட்டு முடித்துக் கையைத் துடைக்கும்போது பார்த்தால், துணியின்மேல் இரண்டு ஃபைபர் வாஷர் சிரித்துக்கொண்டிருக்கிறது. இன்ஜின் காதுக்கும் மவுண்டிங்குக்கும் நடுவில் ஒரு ஃபைபர் வாஷரும், அதன் வயிற்றுக்குள் டபுள் ஸ்பிரிங் வாஷரும் வர வேண்டும். திரும்பவும் தூக்கினோம். தம்பி ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாததுதான் வலித்தது. இரண்டாம் முறை வாஷர்களைக் கிரீஸ் வைத்து ஒட்டிவிட்டு இறக்கி, போல்ட்டை 51 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கினேன்.

நேர் பார்ப்பதற்கென்று ஒரு கம்பி உண்டு. வெளியிலிருந்து பேரிங் வழியாக நுழைத்தால் கப்ளருக்குள் போய்ச் சேர வேண்டும். லேத் பாய் முதலில் அளவெடுத்து ஒன்று கடைந்து தந்தார். பளபளவென்று இருந்தது. ஆனால் நுழைத்துத் திருப்பினால் ஒரு பக்கம் இடித்தது, மறுபக்கம் லூஸ். இரண்டு மணிநேரம் முன் மவுண்டிங்கோடு மல்லுக்கட்டிய பிறகு சந்தேகம் வந்து, கம்பியை மேஜைமேல் உருட்டினேன். நடுவில் நெளிந்தது. பாயிடம் சொன்னதும், "இவ்ளோ நீளக் கம்பி, சூட்டுல கொஞ்சம் வளைஞ்சிருக்கும், நடுவுல தாங்குற ஸ்டெடியை நான் வெச்சிருக்கணும்" என்று தானாகவே ஒப்புக்கொண்டார். கடைசியில் மச்சான் சென்னையில் ஒரு போட் மெக்கானிக்கிடம் அசல் கம்பியை இரண்டு நாள் கடனாகக் கேட்டு வாங்கி பஸ்ஸில் அனுப்பினான்.

நுனியில் மெல்லிசாகக் கிரீஸ் தடவி நுழைத்து வெளியே எடுத்தால், கிரீஸில் கப்ளர் பல்லின் கோடு விழும். ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் கோணல். சுற்றிலும் ஒரே மாதிரி விழுந்தால் நேர். முன் மவுண்டிங் இரண்டையும் சம அளவில் கால் திருகு, கால் திருகாக ஏற்றினேன். பழைய அமுங்கிய ரப்பருக்கு ஏற்ற மாதிரி யாரோ முன்பக்கத்தைத் தாறுமாறாக வைத்திருந்தார்கள், அதனால் நிறையவே திருகவேண்டி வந்தது. பதினோராவது தடவை கம்பி இரண்டு விரலால் தள்ளியதும் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அந்தச் சுகத்தைச் சொன்னால் புரியாது.

ஷெட்டில் ஓட்டிப் பார்க்கத் தண்ணீர் வேண்டுமே. டிரைவின் தண்ணீர் உறிஞ்சும் இடத்தில் காதுமூடி மாதிரி ரப்பர்க் கிண்ணம் மாட்டி, மொட்டைமாடி டேங்கிலிருந்து ஹோஸ் விட்டோம். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது, டிரைவுக்குள் இருக்கும் பம்பின் ரப்பர் இம்பெல்லர் கருகிவிடும். ஸ்டார்ட் ஆனதும் தெருவே கூடிவிட்டது. ஸ்டீயரிங்கை இடது, வலது என முழுக்க ஒடித்தேன். ஜல்லி இல்லை. டீக்கடைக்காரர் மட்டும், "அண்ணே, இப்பயாவது பாலாத்துல விடுவீங்களா?"

ஜூன் கடைசியில் படகு கடலூர் திரும்பியது. டிரெய்லரில் நிற்கும்போது அடிப்பாகம் கொஞ்சம் வளையும் என்பதால், தண்ணீரில் இறக்கிய பிறகு ஒரு தடவை கம்பி விட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தேன். அந்த மெக்கானிக்கே நேரில் வந்து பார்த்து, வலது முன் மவுண்டிங்கில் கால் திருகு மட்டும் இறக்கினாராம். இருபது மணிநேரம் ஓடிய பிறகு பின் போல்ட்டுகளையும் தகட்டு நட்டுகளையும் சரிபார்த்தோம், எதுவும் தளரவில்லை. ஏணியைப் பக்கவாட்டில் மாட்டிவிட்டான். ஸ்க்ரூவுக்கு சீலன்ட் வைத்தாயா என்று கேட்டேன். "வெச்சேன் மாமா" என்றான். போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கிறேன், இன்னும் வரவில்லை.